இருபத்தஞ்சு டிகிரிக்குத் திருத்தியது

துணியைப் போட்டு நாலு மூலையும் இழுத்துக் கட்டியாச்சு, இனி பேனல் ஆறணும், ஆறி காத்தோட சூட்டுக்கு வந்தப்புறம் நானும் கூட வேலை பாக்குற தொபியாஸும் ஆளுக்கொரு பக்கம் நின்னு ஒரே இழுப்பா துணியை உருவணும், வெயில் அது மேல விழுந்த அந்த நொடியில எவ்வளவு கரண்ட் தருதுன்னு கருவி பிடிச்சு வச்சுக்கிடும், அப்புறம் பேனல் சூடேற ஏற எப்படிக் குறையுதுன்னு பாத்துக்கிட்டே நிக்கணும், இதுதான் என் உத்தியோகம். சோலார் பேனலுக்கு மார்க் போடுறவன். கேக்க லேசா இருக்கும். ஆனா அதுக்கு வெயில் ஆடாம அசையாம நிக்கணும், இன்னைக்குன்னு பாத்து வந்து உக்காந்திருக்கு அந்த மேகம், சவத்து மேகம், கயத்தாறு பக்கம் பூரா வெளிச்சமாக் கிடக்கு, காத்தாலை ஒவ்வொண்ணும் வெள்ளை வெளேர்னு தெரியுது, என் தலைக்கு மேல மட்டும் ஒரு துண்டு, நகரவே மாட்டேங்குது. நகரட்டும், நகராம இருக்கட்டும், எனக்கு என்ன. சட்டைப் பையில போன் இருக்கு, அதுதான் எனக்கு. என் வீட்டுக்காரி வடிவு கூப்பிடுவா. நானே கூப்பிடுதேன், நீங்க கூப்பிடாண்டாம்னு சொல்லிட்டுப் போனா. மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில இந்நேரம் ரெண்டு ஆரஞ்சு கூம்பை வச்சிருப்பாங்க, இந்தக் கூம்புலருந்து அந்தக் கூம்புக்கு, அந்தக் கூம்புலருந்து இந்தக் கூம்புக்கு, ஆறு நிமிஷத்துல என் பையன் தர்ஷன் எவ்வளவு தூரம் நடக்கானோ அதுதான் அவன் மார்க். முடிக்காம உக்காந்துட்டான்னா வீல்சேருக்கு எழுதிருவேன்னு டாக்டர் போன தடவையே சொல்லிட்டாரு. நடந்துட்டான்னா அடுத்த சோதனை வரைக்கும் அந்தப் பேச்சு இல்ல. அது போதும் எனக்கு. வேற எதுவும் கேக்கல, பெரிய கோரிக்கை ஒண்ணும் வைக்கல, நட ராசா, இன்னைக்கு ஒரு நாள் நடந்துருன்னுதான் காலையிலருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன், வாய்க்குள்ளேயே, தொபியாஸுக்குக் கேக்காம.

"என்ன வே நாயகம், முணுமுணுக்கீரு?" அவனுக்குக் கேட்டிருக்கு. தூத்துக்குடிக்காரன், கடல் சத்தத்துக்கு மேல பேசிப் பழகின குடும்பம், காது மட்டும் பாம்புக்காது. "ஒண்ணுமில்ல வே, மேகத்தைத் திட்டுதேன்" அப்படின்னேன். அவன் நம்பல. நம்பாம நிழல்ல போயி உக்காந்து பொட்டலத்துலருந்து கடலையை எடுத்து ஊதி ஊதித் திங்கான். நான் பேனலுக்குப் பின்னால குனிஞ்சு அதோட முதுகுல ஒட்டியிருக்கிற சூட்டுமானியைப் பாக்கேன். இன்னும் ஆறல. எங்க தொழிலுக்குன்னு ஒரு எண் இருக்கு. இருபத்தஞ்சு டிகிரி. உலகம் பூரா பேனலுக்கு மார்க் போடுறது அந்த இருபத்தஞ்சு டிகிரியில வச்சுத்தான், உச்சி வெயில் அடிக்கணும், ஆனா பேனல் மட்டும் குளுகுளுன்னு இருபத்தஞ்சுல இருக்கணும், இந்தக் கரிசக்காட்டுல அப்படி ஒரு நேரத்தை எவன் கண்டான்? மத்தியானம் இது மேல தோசை ஊத்தலாம். எட்டயபுரம் பக்கத்து சம்சாரி ஒருத்தர் தோட்டத்துக் கிணத்து மோட்டாருக்குப் பேனல் போட்டுட்டு இங்க வந்து கேட்டாரு, ஏன் சார், அட்டையில எழுதியிருக்கிறது ஒண்ணு கிடைக்கிறது ஒண்ணா இருக்கு, இந்த இருபத்தஞ்சு டிகிரி எந்த மாசம் சார் வரும்னு. மார்கழி விடியக்காலையில வரும், அப்ப வெயில் இருக்காதுன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்ப சிரிக்க முடிஞ்சது. கொதிக்கிற பேனல்ல கிடைச்ச எண்ணை எடுத்து, இது மட்டும் குளுந்து இருந்திருந்தா இவ்வளவு தந்திருக்கும், வெயில் மட்டும் முழுசா அடிச்சிருந்தா இன்னும் இவ்வளவு தந்திருக்கும்னு கணக்குப் போட்டு ஏத்துறதுக்குப் பேரு திருத்தம். ஏமாத்து இல்ல. அப்படிச் செஞ்சாத்தான் கோவில்பட்டிப் பேனலையும் குளுந்த தேசத்துப் பேனலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்க முடியும். நான் திருத்தம் போடுறதுல கெட்டிக்காரன். பேனல் சோதிக்கிற இந்த யார்டுல என்னை மிஞ்ச ஆள் கிடையாது. வீட்டுலயும் அப்படித்தான்.

அவனுக்குக் கெண்டைக்கால் ரெண்டும் திரண்டு உருண்டு இருக்கும். மூணு வயசுல பாத்தவங்க எல்லாம் தொட்டுப் பாத்து, ஏயப்பா, ஃபுட்பால் ஆடுறவன் காலு மாதிரில்லா இருக்கு, உங்க பிள்ளை பெரிய ஆட்டக்காரனா வருவான் பாத்துக்கிடுங்கன்னு சொல்லுவாங்க. எனக்கு அப்படியே உச்சி குளுந்து போகும். எண்ணெய் தேய்ச்சு விடும்போது அந்தக் காலை ரெண்டு கையாலயும் பிடிச்சு முத்தம் குடுத்திருக்கேன். சதை இல்ல அது. தசை செத்துச் செத்து அங்க கொழுப்பு போயி அடைச்சதுதான் அந்தத் திரட்சின்னு பின்னால டாக்டர் சொன்னாரு, படம் போட்டுக் காட்டினாரு, தரையிலருந்து எந்திரிக்கும்போது தொடையில கையை ஊணி ஊணி ஏறி எந்திரிக்கானா, ஆமா, மாடிப்படி ஏறச் சிரமப்படுதானா, ஆமா, குதிங்கால் தரையில படாம நடக்கானா, ஆமா, ஆமா, ஆமா. பையன்களுக்கு வர்றது, தாய் வழியா வர்றதுன்னாரு. வடிவு மதுரையிலருந்து கோவில்பட்டி வரைக்கும் பஸ்ல ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டு வந்தா, தர்ஷன் அவ மடியில தூங்கினான், நான் என்ன சொல்ல, உன் மேல தப்பு இல்லன்னு சொன்னா அந்தப் பேச்சை நானே எடுத்த மாதிரி ஆயிடும், சொல்லலேன்னா அவ என்ன நினைப்பா, சாத்தூர் தாண்டற வரைக்கும் இதையே நினைச்சேன், அப்புறம் ஊர் வந்துட்டு. அன்னைக்கு ஆஸ்பத்திரியிலயே, இனி போகப் போக என்ன ஆகும்னு டாக்டர் சொல்ல வாயெடுத்தாரு. கால், அப்புறம் கை, அப்புறம் மூச்சுன்னு ஆரம்பிச்சாரு. நான் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சுட்டேன். இன்னும் அந்த மீதியைக் கேக்கல. கேக்க மாட்டேன்.

போன் நடுங்குச்சா? இல்ல. மேகத்தோட ஒரு ஓரம் வெளுத்திருக்கு. வெளுத்தா ஆச்சா, வெயில் அளக்கிற பெட்டியில நம்பர் ஏறி ஏறி இறங்குது, வெயில் நிலைக்கல. எங்கே விட்டேன். திருத்தம். முதல்ல பள்ளிக்கூடத்துல விழுந்தான். பையன்னா விழத்தான் செய்வான்னேன். அப்புறம் கோயில் படியில விழுந்தான், எண்ணெய் சிந்திக் கிடக்கு, நான்கூடத்தான் வழுக்கினேன்னேன். காய்ச்சல் விட்டு ரெண்டு நாள்தான ஆகுது, நேத்து சரியாத் தூங்கல, புதுச் செருப்பு, கீழத்தெரு ரோடு மேடும் பள்ளமுமாக் கிடக்கு, மாத்திரை போட்டு முகம் உப்பி எடை கூடியிருக்கான், அந்த எடையைக் கழிச்சுப் பாத்தா போன வருஷத்தைவிட இந்த வருஷம் நல்லாத்தான் நடக்கான். எடையைக் கழிச்சுப் பாத்தா! ராத்திரி சாப்பிட உக்காரும்போது வடிவுகிட்ட இதைச் சொல்லுதேன், அவ குழம்பை ஊத்திக்கிட்டே என்னைப் பாக்கா, கரண்டி அப்படியே நிக்கிது. கோபப்பட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல. பாவம் மனுஷன்னு பாத்தா. எனக்கு அந்தப் பார்வைதான் ஆகாது. ஏன், நான் சொன்னதுல என்ன தப்பு, அளவுன்னா சும்மா கண்ணை மூடிக்கிட்டு எடுக்கிறதா, சூழ்நிலையைப் பாக்க வேண்டாமான்னு கத்தினேன், தர்ஷன் தட்டைப் பாத்துக்கிட்டு இருந்தான். அதுக்கடுத்த வாரம் அவன் வீட்டு வாசல் முத்தத்துல விழுந்தான். நான் ஓடுறேன், ஓடிப் போயித் தூக்கறதுக்குள்ள, உதட்டுல ரத்தம், அதோடயே சொல்லுதான், "எப்பா, தரை ஈரமா இருந்துச்சுப்பா, அதான்." தரையைத் தொட்டுப் பாத்தேன். கோடை வெயில்ல சுட்டுக்கிட்டுக் கிடக்கு தரை. அதுலருந்து எப்ப விழுந்தாலும் அவன்தான் முதல்ல காரணம் சொல்லுதான், கல்லு தட்டிட்டுப்பா, செருப்பு வாரு அந்துட்டுப்பா, பின்னால ஒருத்தன் தள்ளிட்டான்பா. பத்து வயசுப் பிள்ளை. எனக்காகத் திருத்தம் போடுதான். தெரியுது எனக்கு. தெரிஞ்சுக்கிட்டேதான், ஆமாடா, அந்தச் செருப்பு சரியில்ல, வேற வாங்குவோம்னு சொல்லுதேன், வேற என்ன சொல்ல, சொல்லுங்க.

"வே, அந்தப் பேனலுக்கும் உம்ம பையனுக்கும் ஒரே வயசு, தெரியுமா?" தொபியாஸ் ஒரு நாள் இதை ஆரம்பிச்சான், அன்னைக்கு வந்த கோபத்துல அவனோட பேசாமக்கூட இருந்தேன். இருக்கட்டுமே. நான் இங்க வேலைக்குச் சேந்த வருஷம், இப்பத் துணி போட்டு மூடியிருக்கோமே, இதை இந்த யார்டுல நட்டாங்க, அந்த வருஷம் இவன் பிறந்தான், அதுல என்ன பெரிய அதிசயம், ஊர்ல அந்த வருஷம் எத்தனையோ பொருள் வந்திருக்கும். ஆனா ஒருத்தன் சொன்னப்புறம் மறக்கவா முடியுது? ஒவ்வொரு தடவையும் கழுவித் துடைக்கும்போது பாக்கேன். கண்ணாடிக்குள்ள நத்தை ஊர்ந்த மாதிரி ரெண்டு மூணு கோடு விழுந்திருக்கு, உள்ள நூல் மாதிரி விரிசல் விட்டா வெளிய அப்படித் தெரியும். கைவச்சுத் தடவினா ஒண்ணும் தட்டுப்படாது. இருட்டறைக்குக் கொண்டு போயி, அதுக்குள்ள நாம கரண்டைக் குடுத்து, கேமராவில படம் பிடிச்சா விரிசல் எல்லாம் கறுப்புக் கறுப்பா வந்து நிக்கும். நல்லா இருக்கிற இடம் மட்டும் மினுங்கும். அதோட மார்க்கு வருஷத்துக்கு அரை சதவீதம் குறையுது, குறையட்டும், இத்தனை வருஷத்துக்கு இத்தனைக்குக் கீழே போகாதுன்னு செஞ்சவன் பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கான், இருபத்தஞ்சு வருஷத்துக்கு. ஒரு கண்ணாடித் தகட்டுக்கு. என் பிள்ளைக்கு அப்படி ஒரு பேப்பரை எவனும் தரல. யார்கிட்டப் போயிக் கேக்கணும்னு தெரிஞ்சாலும் போயிக் கேப்பேன், வாசல்ல கிடப்பேன், வெட்கமே படமாட்டேன். எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு இந்தத் துணியைச் சுருட்டி எறிஞ்சுட்டு மதுரைக்கு பஸ் ஏறிருவேன். ஏறக்கூடாது. வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கா.

போன தடவை நான் போனதுதான் வினை. அந்த வராந்தா. பினாயில் வாடை. பிசியோதெரபி பண்ணுற பொண்ணு, நிவேதான்னு பேரு, சின்னப் பொண்ணு, கையில ஸ்டாப் வாட்ச் வச்சுக்கிட்டு, தர்ஷன், ரெடியா, ஓடக்கூடாது, உன்னால எவ்வளவு முடியுமோ அவ்வளவு வேகமா நட, அப்படின்னு சொல்லி விட்டா. நடந்தான். வயித்தை முன்னால தள்ளிக்கிட்டு, தோளை ஆட்டி ஆட்டி, நுனிக்கால்ல. நான் செவத்தோரமா நின்னு பாக்கேன். ஒவ்வொரு திருப்பத்துலயும் என் முகத்தைப் பாத்துக்கிடுதான். முடிஞ்சதும் அந்தப் பொண்ணு தூரத்தை எழுதப் போச்சு. நான் இருங்கன்னேன். அதுக்கு முந்தின தடவையைவிட ரொம்பக் குறைவு. இது செல்லாதுங்க, நாலு மணிக்கு எந்திரிச்சு பஸ்ல நின்னுக்கிட்டே வந்திருக்கான், வழியில வாந்தி எடுத்தான், தரையை இப்பத்தான் துடைச்சிருக்கீங்க, அந்தா வாளி அங்கயே இருக்கு, எந்தச் சோதனையா இருந்தாலும் சூழ்நிலை ஒரே மாதிரி இருக்கணும், இதை எல்லாம் குறிச்சு, திருத்தம் போட்டு எழுதுங்க, இல்லாட்டி இன்னொரு தடவை நடக்க விடுங்கன்னேன். சார், அப்படி எல்லாம் எழுத முடியாது சார், அவன் நடந்ததைத்தான் எழுத முடியும்ங்கா. நான் எங்க வேலை பாக்கேன் தெரியுமாம்மா, எனக்கு அளவெடுக்கிறதைப் பத்திச் சொல்லித் தரப் பாக்கியான்னு சத்தம் போட்டேன். வராந்தாவில உள்ள அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க. வடிவு என் கையைப் பிடிச்சு இழுக்கா. தர்ஷன் என்ன செஞ்சான் தெரியுமா. உக்காந்திருந்தவன் மெல்ல எந்திரிச்சான், தொடையில கையை ஊணி ஊணி, போயி அந்தக் கூம்புக்கிட்ட நின்னான். "நான் இன்னொரு தடவை நடக்கேன்க்கா." நாலு எட்டு வச்சான். அஞ்சாவது எட்டுல சரிஞ்சுட்டான்.

அதைத்தான் மறக்க முடியல. நிவேதா ஓடிப் போயித் தூக்கினா, நான் ஓடல, என் கால் ஓடல. இந்த மாசம் சோதனைக்குத் தேதி வந்தப்புறம்தான் வடிவு அதைப் பத்திச் சொன்னா, துணி மடிச்சுக்கிட்டு இருந்தவ நிமிந்து பாக்காமச் சொன்னா. "இந்தத் தடவை நீங்க வராண்டாம்." நான் ஏன்னேன். "அவன் உங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டே நடக்கான். அவனால ரெண்டையும் சுமக்க முடியல." அவ்வளவுதான் சொன்னா, சட்டையை மடிச்சு அடுக்கிட்டுப் போயிட்டா. ரெண்டையும்னு எதைச் சொன்னா, அவன் உடம்பையும் என் மூஞ்சியையுமா. நான் என்ன கல்லா, பாறாங்கல்லா, அவன் தலையில ஏறி உக்கார. ஆமா. ஏறித்தான் உக்காந்திருக்கேன். நிவேதா ஒரு சங்கதி சொல்லியிருந்தா, அன்னைக்கே, வாசல் வரைக்கும் வந்து, நான் அவ்வளவு கத்தினப்புறமும். சார், அவனுக்கு இருக்கிற பலம் எல்லாம் நடக்கிறதுலயே செலவாயிடுது, இடைவேளைக்கு வெளிய வரமாட்டேங்கான்னு அம்மா சொல்லுதாங்க, பள்ளிக்கூடத்துக்காவது ஒரு வீல்சேர் வச்சுக்கிட்டா விளையாட, பேச, சிரிக்க மிச்சம் இருக்கும் சார், இரவலாக்கூடத் தரோம்னா. நான் வேண்டாம்னேன். உக்காந்துட்டா எந்திரிக்க மாட்டான். அதுதான் எனக்கு. உக்காந்துட்டா எந்திரிக்க மாட்டான், கண்ணை மூடினா இதுதான் வருது, குளிக்கும்போது, பைக் ஓட்டும்போது, இங்க நிக்கும்போது, உக்காந்துட்டா எந்திரிக்க மாட்டான். எங்க வேலையிலயும் இப்ப ஒரு புது முறை வந்திருக்கு, நல்ல நேரமாப் பாத்து ஒரு நொடி அளந்து மார்க் போட்டா போதாது, அந்தந்த ஊர் வெயில், மேகம், சூடு, காலை, சாயங்காலம் எல்லாத்தையும் சேத்து ஒரு வருஷம் பூரா அது மொத்தமா எவ்வளவு தரும்னு பாருங்கங்காங்க. உச்சத்துல பெரிய எண்ணைக் காட்டுற பேனல் வருஷக் கணக்குல தோத்துப் போகுது, சுமாரா இருக்கிறது ஜெயிக்குது. அதைப் படிச்சுட்டு வந்து பயிற்சி வகுப்புல நானே நாலு பேருக்குச் சொல்லிக் குடுத்தேன், போர்டுல படம் போட்டு. அந்தப் பொண்ணு சொன்னதும் இதுதான. அப்பவே புரிஞ்சது எனக்கு. புரிஞ்சும் வேண்டாம்னுதான் சொன்னேன்.

"நாயகம், ஆறிட்டு, பாரும்." தொபியாஸ் எந்திரிச்சு வந்து சூட்டுமானியைப் பாக்கான், கடலைத் தொலியை வேட்டியிலருந்து தட்டி விடுதான். மேகம் நகர ஆரம்பிச்சிருக்கு. நிழல் யார்டைத் தாண்டி அந்தப் பக்கம் பருத்திக் காட்டுல போகுது, கண்ணுக்குத் தெரியுது, வெயில் முதல் வரிசைப் பேனல்ல விழுந்து, ரெண்டாவது வரிசையில விழுந்து வருது, நான் கட்டை அவுத்துத் துணியோட மூலையைப் பிடிக்கேன், துணி முழுக்கத் தூசு வாடை, என் கை வேர்வை. நட ராசா. இல்ல, இந்நேரம் நடந்திருப்பான். முடிச்சிருப்பான், முடிச்சிட்டு வாசல்ல ரோஸ்மில்க் குடிச்சுக்கிட்டு இருப்பான், அதான் வடிவு கூப்பிட நேரமாகுது. இல்லேன்னா விழுந்து பல்லு கில்லு உடைஞ்சு, அதான் நேரமாகுது. ரெண்டுக்கும் ஒரே நேரம்தான் ஆகும். "வே, ரெடியா, இழுப்பமா?" அவன் கேக்கான். பெட்டியில நம்பர் நிலைச்சு நிக்கிது, அருமையான வெயில், காலையிலருந்து இதுக்குத்தான் காத்துக்கிடந்தோம். அப்பப் போன் அடிச்சது. நான் ஒரு கையில துணியும் ஒரு கையில போனுமா நிக்கேன். தொபியாஸ் என் முகத்தைப் பாத்துட்டு அவன் பக்கத்துத் துணியை விடாம அப்படியே நின்னான்.

"முடிஞ்சிட்டு" அப்படின்னா வடிவு. எவ்வளவுன்னு கேட்டேன். மூக்கை உறிஞ்சினா. "பாதியில உக்காந்துட்டான்ங்க." என் வாய் அது பாட்டுக்குத் திறக்குது, பாழாப்போன வாய், தரை துடைச்சிருந்தாங்களா, பஸ்ல தூங்கினானான்னு கேக்க, "தரை" வரைக்கும் சொல்லிட்டேன். "அவன்கிட்டத் தாரேன்" அப்படின்னு குடுத்துட்டா. எப்பாங்கான். மூச்சு வாங்குது அவனுக்கு. "எப்பா, தரை நல்லாத்தாம்ப்பா இருந்துச்சு. தூங்கவும் செஞ்சேன், பஸ்ல வாந்தியும் எடுக்கல. எனக்குத்தாம்ப்பா முடியல." நான் ம்னேன். அப்புறம் அவன் குரல் மாறுது, வேகமாப் பேசுதான், அவன் அப்படிப் பேசிக் கேட்டு எத்தனை நாளாச்சு, "எப்பா, நிவேதாக்கா என்னை வீல்சேர்ல உக்கார வச்சாங்கப்பா, நானே உருட்டினேன், அந்தக் கடைசிக் கதவு இருக்குல்லா, அது வரைக்கும் போயி, திரும்பி, மறுபடி போயி, அக்கா ஓடி வந்தும் என்னைப் பிடிக்க முடியலப்பா. ஆனா அதை அவங்க எழுதல. நடந்ததை மட்டும்தான் எழுதுவாங்களாம். நீ வந்து சண்டை போடுதியாப்பா, அதையும் எழுதச் சொல்லி?"

வாரேன்னேன். நாளைக்கே வாரேன்டா, வந்து போடுதேன்டா சண்டைன்னேன், போனை வச்சுட்டேன். கையில கிடந்த துணி மூலையை இழுத்து முகத்தைத் துடைச்சேன், தூசு கண்ணுல அப்பிச்சு, துடைச்ச பிறகுதான் பாக்கேன், துணி விலகி பேனல்ல பாதிக்கு மேல வெயில் ஏறிக் கிடக்கு, அதோட முதுகுல சூடு ஏறுது, அளவு போச்சு. தொபியாஸ் சுத்தி வந்து என் பக்கத்து மூலையையும் அவனே பிடிச்சு மூடினான், "பரவாயில்ல வே, இன்னொரு தடவை ஆறட்டும்" அப்படின்னான்.